தலைவர் நாற்காலியில் ஆள் இருக்கு

மனித நாகரிகத்தின் போக்கையே திருப்பிவிடக்கூடிய ஓர் உண்மை இன்று முதல்முறையாக அச்சேறுகிறது. நாற்காலி என்று ஒன்று போடப்பட்டிருக்கும் எல்லா சபைகளும் இதை அவசரத் தீர்மானமாக எடுத்துக்கொண்டு விவாதிக்க வேண்டும். நின்றுகொண்டு படிப்பவர்கள் அப்படியே நிற்கலாம். உட்கார்ந்து படிப்பவர்கள், உட்காரும் முன் சீட்டை ஒரு தடவை கையால் அழுத்திப் பார்த்தீர்களா? இல்லையா? போகட்டும். இனிமேல் பார்ப்பீர்கள்.

இது நடந்தது. 1991 செப்டம்பர் 12, 13, 14. வியாழன், வெள்ளி, சனி. நடந்ததைச் சொன்னவள் செந்தாமரை. வல்லம் கிராமத்துக்காரி, வயது முப்பத்தாறு. அவள் பொய்யே சொல்லாதவள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சிரமப்பட்டுப் பொய் சொல்லும் அளவுக்கு அவள் யாரையும் மதித்ததில்லை.

பேய் என்றால் அமாவாசை, நடுநிசி, புளியமரம் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறப் போகிறீர்கள். இது பகல் ஷிப்ட் பேய். மதியம் சரியாகப் பன்னிரண்டு நாற்பதுக்கு வேலைக்கு வந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் நெல் விளைந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு தகரக் கொட்டகை இருந்தது. நடேசன் சீட் ஒர்க்ஸ். பஸ் சீட், லாரி சீட், கல்யாண மண்டப சோபா எல்லாவற்றுக்கும் பழைய துணியை உரித்துப் புதுத் துணி ஒட்டும் இடம். வேலையாட்கள் செந்தாமரையையும் சேர்த்து மொத்தம் எட்டுப் பேர். வாசல் போர்டில் 'நிர்வாக இயக்குநர்: எம். நடேசன்' என்று ஒன்றரை அடி எழுத்தில் எழுதியிருந்தது. கம்பெனியின் பெயர் அதற்குக் கீழே முக்கால் அடியில் இருந்தது.

செந்தாமரைக்கு அங்கே இரண்டு வருடமாகக் கூட்டிப் பெருக்கும் வேலை. ஆண்கள் உரித்துப் போடும் துணியில் பாதி ஃபோம் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கழிவை அள்ளிக் கொட்டும் முன், சும்மா இருக்க முடியாமல், அதைப் பிரித்துப் பார்ப்பாள். அப்படிப் பிரித்துப் பிரித்தே அந்த வித்தை அவள் கைக்கு வந்துவிட்டது. துணியை மேல்நோக்கி இழுக்கக் கூடாது. இழுத்தால் ஃபோம் கட்டி கட்டியாகப் பிய்ந்து வரும். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உள்ளே ஒட்டியிருக்கும் சொலூஷன் பசை இளகும். அப்போது ஓரத்தை எடுத்து, துணியைத் தன் மேலேயே மடித்து, படுக்கைவசமாக, கல்லில் பிடித்த தோசையைக் கிளப்புகிற மாதிரி பொறுமையாக இழுக்க வேண்டும். உரித்த பக்கத்தில் உடனே சாக்பீஸ் தூளைத் தூவ வேண்டும். இல்லாவிட்டால் துணி விழுந்த இடத்தில் சொலூஷன் மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

ஆண்களுக்குப் பொறுமை கிடையாது. அதனால் அவர்கள் மேஸ்திரிகள். அவளுக்குப் பொறுமை இருந்தது. அதனால் அவளிடம் துடைப்பம் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெம்போவில் அந்த நாற்காலி வந்து இறங்கியது. வட்டாரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தலைவர் நாற்காலி. தேக்குக் கட்டை, சிங்க முகக் கைப்பிடி, மெரூன் வெல்வெட். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். தலைவர் ஒருவரே உட்கார்ந்தால் போதாது என்று கருதிச் செய்திருப்பார்கள் போல.

நடேசன் அதன் முன்னால் நின்று, கூடாத கூட்டத்துக்குப் பேசுவது போல் பேசினார்.

"இது நம்ம கம்பெனிலயே செஞ்ச நாற்காலி. மூணு வருசம் ஆச்சு. சனிக்கிழமை விழா. வெல்வெட்டை எடுத்துட்டு வெள்ளை ரெக்சின் போடணும். ஃபோம் ஒரே பிளாக். இப்ப கெடைக்காது. ஒரு நகக்கீறல் படக் கூடாது."

"வெல்வெட் நல்லாத்தானே சார் கீது? எதுக்கு மாத்தணும்?" என்றார் ரத்தினம். தையல் மிஷின்காரர். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர்.

"தலைவர் கோதண்டம் சார் கம்ப்ளெயின்ட் பண்றாரு. உக்காந்தா சூடா கீதாம். யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி. வெல்வெட் சூட்டைப் புடிச்சி வச்சிக்கும். அது விஞ்ஞானம்."

ரத்தினம் நாற்காலியின் பக்கம் திரும்பாமல் மிஷினுக்குப் போய்விட்டார். செந்தாமரை அதைக் கவனித்தாள்.

உரிக்கிற பெஞ்சுக்காரன் அம்மை போட்டு வீட்டில் கிடந்தான். மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

"நான் உரிக்கிறேன்" என்றாள் செந்தாமரை.

நடேசன் சிரித்தார். "இந்தாம்மா, இது தொடப்பம் இல்ல."

"தெரியுது சார். பிய்க்காம உரிச்சிக் குடுத்தா அந்த பெஞ்சு வேலை எனக்கு. பிஞ்சா நாளைக்கே நின்னுக்கிறேன். பெருக்கவும் வர மாட்டேன்."

ஏழு பேருக்கு முன்னால் சொல்லியாகிவிட்டது. நடேசனுக்கும் வேறு ஆள் இல்லை. "நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் டைம்" என்றார்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு இடது பாதி உரிந்துவிட்டது. ஒரு துளி ஃபோம் பிய்யவில்லை. செந்தாமரை சாக்பீஸ் தூளைத் தாராளமாகத் தூவி, உரித்த வெல்வெட்டை முதுகுப் பக்கம் மடித்துப் போட்டுவிட்டு சாப்பிடப் போனாள். எல்லோரும் பம்ப்செட் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சாப்பிடுவார்கள். ஏழு பேரும் அங்கே இருந்தார்கள். நடேசன் மெட்ராஸ் போயிருந்தார்.

ஒன்று பத்துக்குத் திரும்பி வந்தாள்.

வெல்வெட் ஒட்டியிருந்தது.

விழுந்து ஒட்டிக்கொண்டது அல்ல. சுருக்கம் இல்லாமல், குமிழ் இல்லாமல், ஓரம் வரை அழுத்தி ஒட்டியிருந்தது. அந்தக் கொட்டகையில் உயிரோடு இருந்த யாருக்கும் அவ்வளவு சுத்தமாக ஒட்ட வராது.

உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. இஸ்திரிப் பெட்டி அணைந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"யாருண்ணா இந்த வேலை பண்ணது?" என்று ரத்தினத்திடம் கேட்டாள்.

"இன்னா வேலை?"

"பொம்பளை பெஞ்சுக்கு வந்துடுவான்னு வயிறு எரியுதா எவனுக்காவது? நேரா வரச் சொல்லு. இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி வக்கிறேன்."

"யம்மா, நாங்க எல்லாரும் உன் கூடத்தானே சோறு துன்னோம்?"

அது உண்மைதான். அவளே எண்ணிப் பார்த்தாள். தொட்டியருகே அவளையும் சேர்த்து ஏழு பேர். யாரும் எழுந்து போகவில்லை.

சாயந்தரம் ஐந்தரைக்குள் அதே பாதியை மறுபடியும் உரித்தாள். இந்தத் தடவை வெல்வெட்டைப் பின்பக்கம் மடித்து, மெழுகு தடவிய தையல் நூலால் சிங்க முகத்தோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். சாக்பீஸ் தூளைத் தரையிலும் கொட்டினாள். நாற்காலிப் பக்கம் எவன் வந்தாலும் கால் தடம் விழட்டும் என்று.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. கட்டு அப்படியே இருந்தது. தூளும் அப்படியே இருந்தது. இரவு முழுவதும் எதுவும் நடக்கவில்லை. ஆளைப் பிடிக்காமல் அடுத்த பாதியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். செந்தாமரை போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து நாற்காலிக்கு எதிரே போட்டு, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் இரண்டடி மரச்சட்டம். வருகிறவனின் முட்டியைப் பார்த்து ஒரே போடு. அதுதான் திட்டம்.

பன்னிரண்டு முப்பத்தைந்து. வெளியே வெயில் தகரத்தை வறுத்துக்கொண்டிருந்தது. தகரம் அவ்வப்போது 'டக்' என்றது.

பன்னிரண்டு முப்பத்தெட்டு. கரண்ட் போனது. சுவர் மின்விசிறி மெல்ல நின்றது. தகரமும் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது.

பன்னிரண்டு நாற்பது.

'டிக்...'

முதல் முடிச்சு.

'டிக்... டிக்...'

நூல் அறுந்து தொங்கியது. மடித்திருந்த வெல்வெட் மெதுவாக இறங்கி வந்தது. யாரோ கையால் நீவி விடுவது போல... ஓரம் ஓரமாக...

பிறகு அந்தச் சத்தம்.

'ஃப்ஸ்ஸ்ஸ்...'

ஃபோமிலிருந்து காற்று வெளியேறும் சத்தம். கனமான ஆள் உட்கார்ந்தால் வருமே, அது.

நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது.

நாலு விரல் ஆழம்.

அவள் தரையைப் பார்த்தாள்.

தூளில் இரண்டு பாதம்.

பெரிய பாதம். வெறுங்கால். குதிகால் இரண்டும் சேர்ந்து, விரல்கள் இவளைப் பார்த்து...

எதிரே ஒருவர் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். ஆள் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் கதாநாயகி 'வீல்' என்று அலறி மயங்கி விழ வேண்டும். ஐதீகம் அப்படித்தான். செந்தாமரைக்கும் அலறத் தோன்றியது. ஆனால் இரண்டு வருடத் துடைப்பம் ஒரு பக்கம், இந்தப் பள்ளம் ஒரு பக்கம் என்று மனதுக்குள் நிறுத்துப் பார்த்ததில், துடைப்பம்தான் பயங்கரமாகப் பட்டது.

எழுந்து போய் வெல்வெட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆள் மேலே உட்கார்ந்துவிட்ட முந்தானையை இழுப்பது போல இருந்தது.

"யோவ்."

பள்ளம் அசையவில்லை.

"யாரா இருந்தாலும் சரி, நீ செத்துப் போயிட்டே. நான் இன்னும் சாகல. எனக்கு வேலை கீது. சாயந்தரத்துக்குள்ள இத்த உரிக்கலைன்னா உன்ன மாதிரியே நானும் யார் கண்ணுக்கும் தெரியாம போயிடுவேன். புரியுதா?"

தகரம் ஒரு தடவை 'டக்' என்றது.

"கொஞ்சம் நவுரு."

ஒரு விநாடி. இரண்டு விநாடி...

பள்ளம் நகர்ந்தது.

இடது பக்கம் மெல்ல மேலே எழும்ப, வலது பக்கம் மெல்ல இறங்கியது. தூளில் இருந்த பாதங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓரடி தள்ளி மறுபடி பதிந்தன. பஸ்ஸில் பெண்பிள்ளைக்கு இடம் விடாத நாலு பேர் மத்தியில் ஒரு நல்ல மனிதன் எப்படி நகர்வானோ, அப்படி.

செந்தாமரை இடது பாதியை உரித்தாள். ஆள் உட்கார்ந்த சூட்டிலேயே சொலூஷன் இளகியிருந்தது. பிறகு, "இப்ப இந்தாண்ட" என்றாள். பள்ளம் இந்தப் பக்கம் வந்தது. வலது பாதியையும் உரித்தாள்.

ஒன்று ஐந்துக்கு முழு வெல்வெட்டும் ஒரே துண்டாக அவள் கையில் இருந்தது. ஃபோமில் ஒரு நகக்கீறல் இல்லை.

நடுவில் அந்தப் பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. அதன் மேல் கையை வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அதையும் அவளே சொன்னாள்.

ரத்தினம் திரும்பி வந்து பார்த்தார். புது ரெக்சினுக்கு சொலூஷன் தடவி, மூன்று மணிக்கு மேலே விரித்தார். அவர் அழுத்தத் தொடங்குவதற்கு முன்பே ரெக்சின் தானாக இறங்கி, ஃபோமோடு ஒட்டிக்கொண்டது. 'ஃப்ஸ்ஸ்ஸ்...' ஒரு குமிழ் கூட இல்லை. ரத்தினத்தின் முகம் சாக்பீஸ் தூள் நிறத்துக்கு மாறியது.

மூன்று நாற்பதுக்கு டெம்போ வந்து நாற்காலியை ஏற்றிக்கொண்டு போனது. தூக்கின ஆட்கள், "இன்னாடா இது, வந்தப்ப இல்லாத கனம் இப்ப கீது" என்று முனகினார்கள்.

டெம்போவின் தூசி அடங்கிய பிறகு செந்தாமரை கேட்டாள். "அதுல உக்காந்திருக்கிறது யாருண்ணா?"

ரத்தினம் பீடியைப் பற்ற வைக்கப் பார்த்தார். மூன்று குச்சி வீணானது.

"பலராமன்" என்றார்.

பலராமன் அந்தக் கம்பெனியில் அமுக்கு ஆள். தொண்ணூற்றாறு கிலோ. துணி ஒட்டியதும் சீட்டின் மேல் ஒருவர் அசையாமல் உட்கார்ந்தால்தான் சொலூஷன் நன்றாகப் பிடிக்கும். அதுதான் அவர் வேலை. காலையில் வந்தால் சாயந்தரம் வரை உட்கார்ந்திருப்பார். இந்த நாட்டில் உட்கார்ந்தே பெரிய ஆளானவர்கள் உண்டு. பலராமன் உட்கார்ந்து, அதோடு வேலையும் செய்தவர். அதனால்தான் அவரை யாருக்கும் தெரியவில்லை.

"ஒரு தபா சொல்றதுக்கு முன்னாடியே எழுந்துட்டாரு. துணி குமிழ் விட்டுச்சி. மொதலாளி எல்லார் எதிர்லயும் வாய்க்கு வந்தபடி திட்டினாரு. அதுலேர்ந்து, உக்கார வச்ச ஆளு வாயால 'எழுந்திரு பலராமா'ன்னு சொன்னாத்தான் எழுந்திருப்பாரு. வேற யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டாரு. மூணு வருசத்துக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை, பன்னெண்டு நாப்பதுக்கு, இந்த நாற்காலில உக்கார வச்சாங்க..."

"எழுந்திருன்னு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல."

"உக்கார வச்சது யாரு?"

ரத்தினம் வாசல் போர்டைப் பார்த்தார். ஒன்றரை அடி எழுத்தைப் பார்த்தார்.

சனிக்கிழமை விழா. கூட்டம் சேராது என்று தெரிந்ததால் நடேசன் தன் ஏழு பேரையும் கூட்டிப் போய் நடு வரிசையில் உட்கார வைத்திருந்தார். செந்தாமரைக்கு உட்கார மனமில்லை. சுவரோரம் நின்றாள். தலைவர் துள்ளி எழுந்து சீட்டைக் குறை சொன்னால் பெஞ்சு போச்சு. அவளுக்கு அது தெரியும்.

மாலை ஐந்து இருபதுக்குத் தலைவர் கோதண்டம் மேடை ஏறினார். நாலு மாலை. ஒரு பொன்னாடை. வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாலு விநாடி.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு முதலில் போனது. பிறகு நிறம் போனது. மெதுவாக, மிக மெதுவாக எழுந்தார். யாருடைய மடியிலோ தெரியாமல் உட்கார்ந்துவிட்டவர் எழுவது போல... மன்னிப்புக் கேட்கிற பாவனையில் பின்னால் ஒரு தடவை திரும்பியும் பார்த்தார்.

அதன் பிறகு உட்காரவே இல்லை. ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றபடியே பேசினார். 'பதவி நாற்காலியை விரும்பாத தலைவர்' என்று நன்றியுரை சொன்னவர் தழுதழுத்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. கழகத்துக்கு மூன்று வருடத்தில் நாலு தலைவர்கள். நாலு பேருமே எளிமையானவர்கள் என்று பெயர் வாங்கியது எப்படி என்பது செந்தாமரைக்கு அப்போதுதான் விளங்கியது.

ஏழேகாலுக்கு மண்டபம் காலியானது. நடேசன் மேடையில் தனியாக நின்று மிச்சமிருந்த மாலை ஒன்றைத் தனக்குத் தானே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். செந்தாமரை மேலே ஏறினாள். ரத்தினம் படியிலேயே நின்றுவிட்டார்.

"சார். அவரை எழுந்திருக்கச் சொல்லு."

"யாரை?"

"நீ உக்கார வச்ச ஆளை."

நடேசன் மாலையைக் கழற்றினார். "இன்னாம்மா பேசுற? நான் ஒரு நிர்வாக இயக்குநர். நாற்காலிகிட்ட போய்..."

"தே பாரு சார். நான் சொன்னா எழுந்திருக்க மாட்டாரு. நவுருவாரு, அவ்ளோதான். நீ சொல்லு. சொல்லலைன்னா இந்த மைக் இன்னும் ஆன்லதான் கீது. வெளிய வடை துன்னுக்கினு இருக்கிறாங்க பாரு எல்லாப் பெரிய மனுசங்களும், அவங்களுக்கு நான் சொல்றேன், பலராமன்னா யாருன்னு."

"உனக்கு வேலை போயிடும்."

"போவட்டும். மொதல்ல சொல்லு."

மைக்கில் அவள் விரல் பட்டது. வெளியே ஒலிபெருக்கியில் 'டொக்' என்று கேட்டது.

நடேசன் நாற்காலியைப் பார்த்தார். நடுவில் நாலு விரல் ஆழத்துக்குப் பள்ளம்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார்.

"எழுந்திரு... பலராமா."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு...

'ஸ்ஸ்ஸ்ஃப்ப்...'

ஃபோம் மூச்சை உள்ளே இழுத்தது.

பள்ளம் நிரம்பியது. மேடைப் பலகை ஒன்று கிறீச்சிட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. நடேசனை நோக்கி வந்தது. அவர் முன்னால் நின்றது. அவர் கையிலிருந்த மாலை தரையில் விழுந்தது...

பிறகு படிக்கட்டு. ஒவ்வொரு படியாக. ரத்தினம் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

அவ்வளவுதான். ஏழு இருபத்தொன்று.

திரும்பிப் போகும் வழியில், பஸ்ஸில், ரத்தினம் அவள் கேட்காமலே சொன்னார்.

"அந்தச் சனிக்கிழமை அரை நாள் லீவு. மொதலாளி துணி மூட்டை எடுக்க சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேசனுக்குப் போயிட்டாரு. நாங்க ஒரு மணிக்கு வூட்டுக்குப் போயிட்டோம். அவரும் எழுந்து போயிருப்பாருன்னு நெனச்சிக்கினு, கடைசி ஆளு பூட்டிட்டான். ஞாயித்துக்கிழமை லீவு. திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்குத் தொறந்தோம். உக்காந்த மாதிரியே இருந்தாரு."

"ஹார்ட் அட்டாக்கா? உக்கார வச்ச உடனேவா?"

ரத்தினம் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"டாக்டரு பாத்துட்டு சொன்னாரு. உசிரு போயி நாலு மணி நேரம்தான் ஆவுதுன்னு."

செந்தாமரை கணக்குப் போட்டுப் பார்த்தாள். சனி மதியம் பன்னிரண்டு நாற்பதிலிருந்து திங்கள் விடியற்காலை நாலு மணி வரை.

பூட்டிய கொட்டகை. வாசலுக்குப் பத்தடி. கத்தினால் ரோட்டுக்குக் கேட்கும்.

அன்று இரவு அவள் வீட்டில் எதிலும் உட்காரவில்லை. நின்றபடியே சாப்பிட்டாள்.

உரிக்கும் பெஞ்சை அவளிடமிருந்து எடுக்க அதன் பிறகு யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

திங்கட்கிழமை நடேசன் சீட் அமுக்குவதற்கு இரண்டு மணல் மூட்டை வாங்கினார்.